தண்ணீரிலிருந்து தண்ணீருக்கு: அரிசோனா ட்ரெயில் ரேஸுக்கு முதல்முறை கிளம்புவோருக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தை, தெற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து வடக்கே யூட்டா எல்லை வரை, ஏறக்குறைய 800 மைல் (சுமார் 1,290 கி.மீ.) நீளத்துக்கு ஊடறுத்துப் போகிறது அரிசோனா ட்ரெயில். டேல் ஷீவால்ட்டர் என்ற பள்ளி ஆசிரியர் 1985இல் மாநிலத்தை நடந்தே கடந்து, இப்படியொரு பாதை போட முடியும் என்று காட்டினார். 2009இல் அதற்குத் தேசிய இயற்கைப் பாதை என்ற தகுதி கிடைத்தது. 2011இல் கடைசித் துண்டும் இணைந்தது. இந்தப் பாதையில் சைக்கிளில், தன் சுமையைத் தானே சுமந்துகொண்டு போகும் பந்தயம்தான் அரிசோனா ட்ரெயில் ரேஸ். நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. வழியில் உங்களுக்காக யாரும் மேசை போட்டுக் காத்திருக்க மாட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 100 கி.மீ. போய்விடலாம் என்று. இந்தப் பாதையில் அந்தக் கணக்கு இரண்டாம் நாளே உடைந்துபோகும். ஒரு மணி நேரத்தில் 15 கி.மீ. ஓடும் இடமும் உண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு 3 கி.மீ. நடக்கும் இடமும் உண்டு. ஆகவே ஒரு தண்ணீர் இடத்திலிருந்து அடுத்த தண்ணீர் இடத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டுத் திட்டமிடுங்கள். தூக்கம், சாப்பாடு, பையின் எடை, எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு தானாகவே அமையும்.

எந்தத் தூரம், எந்த மாதம்

இரண்டு தூரங்கள் உள்ளன. 300 மைல் பந்தயம் (சுமார் 480 கி.மீ.) எல்லைப் பகுதியில் தொடங்கி, சூப்பீரியர் ஊருக்கு அருகே பிக்கெட்போஸ்ட் என்ற இடத்தில் முடிகிறது. 800 அங்கே நிற்காமல் யூட்டா எல்லை வரை போகும். முதல்முறை வருபவர் 300ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது சிறிய பந்தயம் என்று நினைக்க வேண்டாம். பாலைவனத்தின் கடுமை முழுக்க அந்த 300 மைலுக்குள்ளேயே இருக்கிறது. முன்னணியினர் இரண்டு நாளைச் சுற்றி முடிப்பார்கள். நீங்கள் ஐந்து அல்லது ஆறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 என்றால் மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

முன்பு ஏப்ரலில் நடந்த கூட்டுப் புறப்பாடு சமீப ஆண்டுகளில் அக்டோபரில் நடக்கிறது. இடைப்பட்ட கோடையில் தெற்குப் பகுதியில் உயிருக்கே ஆபத்தான வெயில். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கேயும் பருவமழை பெய்து, காய்ந்து கிடக்கும் காட்டாறுகளில் திடீரென்று வெள்ளம் வரும். அக்டோபரில் டூசான் பக்கம் பகலில் 30 டிகிரி இயல்பு, 35ஐத் தாண்டும் நாளும் உண்டு. அதே மாதம் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஒரே பையில் இரண்டு பருவத்துக்கும் சாமான் எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் விசாவில் தொடங்குங்கள். அமெரிக்கச் சுற்றுலா விசா நேர்காணலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பயணக் காப்பீட்டை எடுக்கும்போது சிறிய எழுத்தில் உள்ளதையும் படியுங்கள். பல பாலிசிகள் பந்தயத்தில் ஏற்படும் காயத்துக்குப் பணம் தராது, ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்க்காது. இரண்டும் உள்ள பாலிசி கட்டாயம். தெற்குச் சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. பாஸ்போர்ட்டையும் நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதியையும் நனையாத உறையில் போட்டு உடம்போடு வைத்திருங்கள்.

விதிகள்

இது சுயசார்புப் பந்தயம். நண்பர் வந்து தண்ணீர் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே உங்களுக்கென்று தண்ணீரோ உணவோ பாதையில் ஒளித்துவைக்கக் கூடாது. எல்லோருக்கும் திறந்திருக்கும் கடை, விடுதி, சைக்கிள் பட்டறை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பாதையை விட்டு விலகினால் விலகிய அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் தொடர வேண்டும். மற்றவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டக் கூடாது. செயற்கைக்கோள் ட்ராக்கர் ஒன்று சைக்கிளில் இருக்க வேண்டும், உங்கள் புள்ளி வரைபடத்தில் நகர்வதை எல்லோரும் பார்ப்பார்கள்.

சைக்கிளுக்குத் தனியாக இன்னொரு விதி. 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் சைக்கிள் நுழையவே கூடாது. ரிங்கான், சூப்பர்ஸ்டிஷன், மசட்சல் போன்ற மலைகளில் நடைப்பயணிகளின் பாதை நேராகப் போகும், உங்கள் பாதை சுற்றிப் போகும். ஆகவே நடைப்பயணிகளின் வரைபடத்தை அப்படியே ஏற்றிக்கொள்ளாதீர்கள். அந்த ஆண்டுப் பந்தயத்துக்கென்று வெளியிடப்படும் ஜிபிஎஸ் தடத்தை மட்டும் பயன்படுத்துங்கள். காட்டுத்தீக்குப் பிறகு பாதை மூடப்படுவதும் மாற்றப்படுவதும் அடிக்கடி நடக்கும், புறப்படும் வாரத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு தாளை எடுத்து, தடத்தில் உள்ள ஒவ்வொரு தண்ணீர் இடத்தையும் வரிசையாக எழுதுங்கள். ஊர்க் குழாய், கடை, முகாம் குழாய், ஆறு, ஓடை, மாட்டுத் தொட்டி எல்லாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பகமா, பருவத்துக்கு உட்பட்டதா என்று குறியுங்கள். ஃபார்அவுட் என்ற செயலியில் நடைப்பயணிகள் 'இந்தத் தொட்டியில் நேற்று பாதி இருந்தது' என்று எழுதியிருப்பார்கள், அது பொன்னான தகவல். பத்து நாளுக்கு மேல் பழைய குறிப்பு என்றால் அந்த இடத்தை வறண்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்கு: மணி நேரத்தை மணிக்குக் குடிக்கும் அளவால் பெருக்கி, அதோடு ஒரு லிட்டர் இருப்பு. இரவிலும் அதிகாலையிலும் மணிக்கு அரை லிட்டர். பகலில் முக்கால். நடுப்பகலில் தள்ளிக்கொண்டு ஏறும்போது ஒரு லிட்டர்.

300இல் மிகக் கடினமான நீரில்லாத் துண்டு கடைசியில் வருகிறது. கெல்வின் பாலத்திலிருந்து பிக்கெட்போஸ்ட் வரை சுமார் 61 கி.மீ. முதல் 25 கி.மீ. அளவுக்குப் பாதை ஹீலா ஆற்றை ஒட்டிப் போகும், பிறகு ஆற்றை விட்டு மலைக்குள் ஏறும். களைத்த காலோடு அந்த ஏற்றத்தில் மணிக்கு 5 கி.மீ. கிடைத்தாலே நல்லது. அப்படியானால் 36 கி.மீ.க்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். முக்கால் லிட்டர் வீதம் ஐந்தேகால், இருப்பு ஒன்று, மொத்தம் ஆறேகால் லிட்டர். கெல்வினிலிருந்தே அவ்வளவையும் சுமக்க வேண்டாம். 4 லிட்டரோடு கிளம்பி, பாதை ஆற்றை விட்டு விலகும் முன்பு இறங்கி வடிகட்டி நிரப்புங்கள். அந்த ஏற்றத்தை நடுப்பகலில் தொடங்க நேர்ந்தால் கணக்கு எட்டு லிட்டருக்குப் போய்விடும், அதைவிட ஆற்றங்கரை நிழலில் மாலை வரை படுத்திருப்பது நல்லது.

ஹீலாத் தண்ணீர் காவி நிறத்தில் வண்டலோடு ஓடும். நேரே ஃபில்டரில் ஊற்றினால் ஒரு லிட்டர் போவதற்குள் அடைத்துக்கொள்ளும். மடக்குப் பையில் மொண்டு 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் துணி வழியாக இன்னொரு பைக்கு மாற்றி, அதன்பின் ஃபில்டரில் பிழியுங்கள். ஃபில்டரைப் பின்புறமாகக் கழுவும் சிறு ஊசிக்குழலைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மாற்று வழியாகக் குளோரின் டையாக்ஸைடு மாத்திரை பத்து. பாக்டீரியாவுக்கு அரை மணி போதும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாக 4 மணி நேரம் ஆகும். மாடு நிற்கும் குட்டையிலிருந்து எடுத்தால் அந்த 4 மணியைக் காத்திருங்கள்.

புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று: குழல்நார் ஃபில்டர் ஒருமுறை நனைந்த பிறகு உறைந்தால் உள்ளே விரிசல் விடும். வெளியே எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் சேர்ந்து வரும். குளிர் இரவுகளில் ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் 7 முதல் 8 லிட்டர் கொள்ளளவு வேண்டும், எப்போதும் நிரப்பி இருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் (ஃபிரேமின்) நடுப்பையில் 3 லிட்டர் நீர்ப்பை, முன் கவடு (ஃபோர்க்) இரண்டிலும் ஒவ்வொரு லிட்டர் பாட்டில், முதுகுப் பையில் 2 லிட்டர். நீர்ப்பை ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அது கிழிந்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் போய்விடும்.

உப்பு

சென்னையிலோ மதுரையிலோ ஓட்டிப் பழகியவருக்கு வெயில் புதிதல்ல என்று தோன்றும். ஆனால் நம்மூர் வெயிலில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அரிசோனாவின் வறண்ட காற்றில் வியர்வை சட்டையை நனைக்குமுன்னே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், தோளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தது தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ஆகவே தாகத்தோடு கடிகாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குமட்டல், தலைவலி, பேச்சுக் குழறல் இதன் அறிகுறிகள். சிறுநீர் நிறமே இல்லாமல் அடிக்கடி போய்க்கொண்டிருந்தும் தலைவலி இருந்தால், இன்னும் குடிப்பது நிலைமையை மோசமாக்கும்; குடிப்பதை நிறுத்தி உப்பான எதையாவது சாப்பிடுங்கள். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் இதற்கு நன்றாக உதவும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவில் தயாரித்தது ஒரு லிட்டருக்கு 1,700 மில்லிகிராமுக்குச் சற்று மேல் சோடியம் தரும். ஒரு லிட்டர் ஓஆர்எஸ், ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடித்தால் வெயில் நாளுக்குச் சரியாக வரும். ஒரு நாளுக்கு மூன்று பொட்டலம் எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

சைக்கிள், டயர், முள்

முன்னால் 120 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள 29 அங்குல ஹார்ட்டெய்ல் போதும். முழு சஸ்பென்ஷன் இடுப்புக்குச் சுகம், ஆனால் நடுச்சட்டத்தில் தண்ணீருக்கு இடம் குறையும், தோளில் தூக்கவும் சிரமம். கிராவல் சைக்கிளில் முடித்தவர்கள் இருக்கலாம், புதியவருக்கு அது வேண்டாம். பற்சக்கரம் முன்னால் 30, பின்னால் 10 முதல் 51 வரை.

டயர் 2.35 முதல் 2.6 அங்குலம், பக்கச்சுவர் தடித்த ரகம், ட்யூப்லெஸ். 70 கிலோ ஆளுக்குச் சுமையோடு முன்னால் 19 பிஎஸ்ஐ, பின்னால் 23 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பாருங்கள். சீலன்ட் (துளையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) டயருக்கு 120 மி.லி. ஊற்றுங்கள். வறண்ட வெயிலில் அது சீக்கிரம் காயும், எப்போதோ ஊற்றியதை நம்பி விமானம் ஏறாதீர்கள். புறப்படும் வாரத்தில் புதிதாக ஊற்றி, கூடவே 100 மி.லி. பாட்டில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் டையாக்ஸைடு குப்பி வேண்டாம், பல சீலன்டுகளை அது கட்டியாக்கிவிடும். கைப்பம்பே போதும்.

முள்ளைப் பற்றி நமக்குப் பாதி தெரியும். அங்கே ஆட்டுத்தலை என்று திட்டிக்கொண்டு பிடுங்குவது நம் நெருஞ்சி முள்ளைத்தான், அதே செடி கடல் தாண்டிப் போய்ப் பரவியிருக்கிறது. மெஸ்கீட் என்ற மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. ராமநாதபுரம் மாவட்டத்து மண் பாதைகளில் ஒரு வாரம் ஓட்டி, பங்க்சர் தானாக அடைகிறதா என்று பார்த்தால் உங்கள் டயர் அமைப்பு தேறியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நெருஞ்சி குத்தினால் பிடுங்கிவிட்டு, துளை கீழே வரும்படி சக்கரத்தைச் சுழற்றி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும். சக்கரத்தை ஆட்டினால் உள்ளே சளசளப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முள்ளைப் பிடுங்கும் முன்பே வால்வு வழியாக சீலன்ட் ஊற்றுங்கள். பெரிய துளைக்கு ரப்பர் திரி. பக்கச்சுவர் பாறையில் கிழிந்தால் வளைந்த ஊசியும் பல் இடுக்கு நூலும் வைத்துத் தைத்து, உள்பக்கம் தடித்த ஒட்டுப் போட்டு, ட்யூப் போட வேண்டியதுதான்.

ட்யூப் போடும் அந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ட்யூப்லெஸ்ஸாக 300 கி.மீ. ஓடிய டயரின் உள்பக்கத்தில் முப்பது நாற்பது முள் முனைகள் சத்தமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். சீலன்ட் அவற்றை அடைத்து வைத்திருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ட்யூபை உள்ளே விட்டுக் காற்றடித்தால் ஐந்து நிமிடத்தில் சல்லடை. டயரை முழுதாகக் கழற்றி, ஒரு துணியை உள்பக்கம் வட்டமாக இழுங்கள். நூல் சிக்கும் இடத்திலெல்லாம் முள் இருக்கிறது. குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, இரண்டாம் சுற்றும் இழுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

சோய்யா (cholla) என்ற கள்ளி வேறு ரகம். லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். முள் முனையில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் கையால் இழுத்தால் கையிலும் ஏறும். ஒரு சாதாரணத் தலை வாரும் சீப்பைத் தோலுக்கும் கள்ளிக்கும் நடுவே விட்டு, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சடக்கென்று தெறிக்கவிடுங்கள். மிச்ச முள்ளைக் குறடால் எடுங்கள்.

கருவிப் பையில் வேறு என்ன: செயின் இணைப்பு இரண்டு, உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் டிரெயிலியர் (கியர் மாற்றி) ஹேங்கர் ஒன்று, முன் பின் பிரேக் பேட் ஒவ்வொரு ஜோடி, ட்யூப் இரண்டு, மடக்குக் கருவி, வால்வு திருகி, நைலான் பட்டி பத்து, துணிப் பட்டை டேப், நார் ஸ்போக் ஒன்று. ஷூவின் அடி பெயர்ந்தால் ஒட்ட சிறு பசைக்குழாய். செயினுக்கு மெழுகு ரக எண்ணெய். ஈர எண்ணெய் போட்டால் தூசி ஒட்டி அரைக்கும். முதலில் துடைத்துவிட்டு, பிறகு விடுங்கள்.

தள்ளவும் தூக்கவும் பழகுதல்

பயிற்சியில் எல்லோரும் விடுவது நடையை. லெமன் மலையிலிருந்து ஆரக்கிள் ஊருக்கு இறங்கும் ஆரக்கிள் முகடு வரைபடத்தில் இனிமையான இறக்கமாகத் தெரியும். காட்டுத்தீ தின்ற அந்தச் சரிவில் உருளும் கல்லும் முட்புதரும்தான் மிச்சம். பல இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும். கார்பன் அடி ஷூ இதற்கு ஆகாது. ரப்பர் அடி வளையும் மலை ஷூவை, கால் வீங்க இடம் விட்டு அரை அளவு பெரிதாக வாங்குங்கள்.

எட்டு மாதத் தயாரிப்பில் முதல் பாதியைப் பிரெவேக்களுக்கு (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்கள்) கொடுங்கள். 200, 300, 400, 600 கி.மீ. என்று ஏறி, 600ஐ 40 மணி நேரத்துக்குள் முடித்தால் இரவு ஓட்டமும் தூக்கக் குறைவும் பழகிவிடும். பிரெவே தார் ரோட்டில் ஓடுவது, ஆகவே இரண்டாம் பாதி மண்ணுக்கு. திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டிப் பாருங்கள். சிறிய கியர், உடம்பைச் சற்றுப் பின்னால், கைப்பிடியை இறுக்காமல் சக்கரம் போகிற போக்கில் விடுவது என்று மணல் கற்றுக்கொடுக்கும். வாரம் இருமுறை 15 கிலோ பையோடு பழனி போன்ற மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் தொடைக்குப் பயிற்சி. கடைசி மாதம் முழுச் சுமையோடு இரண்டு இரவு வெளியே தங்கி ஓட்டுங்கள். பை எங்கே உரசுகிறது, எந்தப் பட்டி தளர்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்தால் மலிவு.

800க்குப் போகிறவர்களுக்குக் கிராண்ட் கேன்யன் தனித் தேர்வு. பள்ளத்தாக்குக்குள் சைக்கிள் ஓட்டக் கூடாது, உருட்டவும் கூடாது. சக்கரம் தரையில் படாமல் முதுகில் சுமந்து கடக்க வேண்டும். தெற்கு விளிம்பு 2,213 மீட்டர். அங்கிருந்து கொலராடோ ஆறு ஓடும் 760 மீட்டருக்கு இறங்கி, வடக்கு விளிம்பின் 2,512 மீட்டருக்கு ஏற வேண்டும். சுமார் 34 கி.மீ. இரண்டு சக்கரத்தையும் கழற்றிச் சட்டத்தின் இரு பக்கமும் கட்டுங்கள், பெடலையும் கழற்றுங்கள், கைப்பிடியைத் திருப்பிச் சட்டத்தோடு ஒட்டுங்கள். எடை தோள்பட்டைக்கு நடுவே உயரமாக இருக்கட்டும். அகலம்தான் எதிரி. நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் பாறையில் இடித்தால் உங்களைப் பள்ளப் பக்கம் தள்ளும். கோவேறு கழுதை வரிசை வந்தால் மலைப் பக்கம் ஒதுங்கி, ஓட்டுபவர் சொல்கிறபடி அசையாமல் நில்லுங்கள்.

தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் தெற்கு கைபாப் பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆற்றருகே ஃபேன்டம் ராஞ்சில் நிரப்பலாம். அதற்கு மேலே உள்ள குழாய்கள் பருவத்துக்கு உட்பட்டவை, அவற்றுக்கு வரும் குழாய்வழியும் அடிக்கடி உடையும். விளிம்புக்குக் கீழே தங்க அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லையென்றால் ஒரே மூச்சில் கடக்க வேண்டும். வடக்கு விளிம்பின் விடுதி 2025 ஜூலைத் தீயில் எரிந்துபோனது. அதற்கு முன்பும் அக்டோபர் 15க்குப் பிறகு அது மூடியிருக்கும். ஆகவே தெற்கு விளிம்புக்கு அருகே டுசயான் ஊரில் வாங்கும் உணவு வடக்கே ஜேக்கப் லேக் வரை தாங்க வேண்டும். வடக்கு கைபாப் பாதை திறந்திருக்கிறதா என்று தேசியப் பூங்கா அறிவிப்பைப் பார்க்காமல் முதுகில் சைக்கிளைக் கட்டாதீர்கள்.

சாப்பாடு, தூக்கம், வெளிச்சம்

300இல் படகோனியா, சோனோய்ட்டா, லெமன் மலை உச்சியருகே சம்மர்ஹேவன், பிறகு ஆரக்கிள் ஆகிய ஊர்களில் கடை உண்டு. கெல்வின் பக்கம் கியர்னிக்கு விலகிப் போகலாம். சிறு ஊர்க் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். இரவு போய்ச் சேர்ந்தால் காலை வரை காத்திருக்க நேரும், ஆகவே அடுத்த ஊருக்குத் தேவையானதைவிட அரை நாள் உணவு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் உருகும். டார்ட்டியா ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய், உப்புக் கடலை, சிப்ஸ், உலர் பழம் தாங்கும். சைவர்கள் கவனிக்க: பீன்ஸ் புரிட்டோவின் மசித்த பீன்ஸில் பல கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

வெயில் நாளில் 12 மணி முதல் 4 மணி வரை நிழலில் படுங்கள். சாயங்காலம் முதல் நள்ளிரவு வரை ஓட்டி, நான்கு மணி நேரம் தூங்கி, விடியுமுன் கிளம்புவது புதியவருக்கு ஒத்துவரும் முறை. காட்டாற்று மணல் மெத்தைபோல் இருக்கும், அதில் படுக்காதீர்கள். எங்கோ பெய்த மழை அங்கே வரும். குளிர்காற்றும் பள்ளத்தில்தான் தேங்கும். 30 மீட்டர் மேலே ஏறிப் படுத்தால் கதகதப்பு வித்தியாசம் உடனே தெரியும். 300க்குப் பூஜ்ய டிகிரி தாங்கும் உறங்கும் பை, காற்றுமெத்தை, மேலுறை, இறகு ஜாக்கெட் போதும். 800க்கு மைனஸ் 7 தாங்குவதாக எடுங்கள்.

டைனமோ ஹப் (சக்கரம் சுழலும்போது மின்சாரம் தரும் அச்சு) மெதுவாகப் போகும்போது போதிய மின்சாரம் தராது. ஆகவே 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கும் பேட்டரி விளக்கும்தான் நம்பிக்கை. ஒரு விளக்கு கைப்பிடியில், இன்னொன்று தலைக்கவசத்தில். வேட்டைக் காலமாதலால் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது ஒன்று வெளியே தெரியட்டும்.

மழை பெய்தால் 800இன் வடபகுதி மண் நம் கரிசல் மண்போல் ஆகிவிடும். பத்து மீட்டரில் சக்கரம் கவடோடு இறுகிக்கொள்ளும். பலம் போட்டு மிதித்தால் டிரெயிலியர் ஒடியும். இறங்கி, குச்சியால் சுரண்டி, ஓரப் புல்லில் தள்ளுங்கள். முடியாவிட்டால் கூடாரம் போட்டு மண் காயும் வரை இருங்கள். வெயிலடித்தால் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும்.

எப்போது நிறுத்துவது

இதைப் புறப்படும் முன்பே தாளில் எழுதிவையுங்கள். வெயிலில் களைத்த மூளை சரியாக முடிவெடுக்காது. அடுத்த தண்ணீர் இடத்துக்குக் கணக்கில் பாதித் தண்ணீர்கூட இல்லையென்றால் முன்னே போகாமல், தெரிந்த தண்ணீருக்குத் திரும்புங்கள். குடித்தது எல்லாம் வாந்தியாகி, நிழலில் இரண்டு மணி நேரம் இருந்தும் நிற்கவில்லையென்றால் பந்தயம் முடிந்தது. நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை என்றால் அது வெப்பத் தாக்கு. வியர்வை வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ட்ராக்கரின் எஸ்ஓஎஸ் (அவசர உதவி) பட்டனை அழுத்துங்கள், இருக்கிற தண்ணீரைக் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றி விசிறுங்கள். இன்னொருவரை அப்படிக் கண்டால் உங்கள் பந்தயத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அவரைக் குளிர்வியுங்கள்.

காயமின்றி விலகுவதென்றால் எஸ்ஓஎஸ் வேண்டாம், அருகிலுள்ள சாலைக்கு இறங்கி வந்து, விலகியதை ஏற்பாட்டாளர்களுக்குச் செய்தியாக அனுப்புங்கள். சொல்லாமல் ட்ராக்கரை அணைத்தால் தேடல் குழு கிளம்பும்.

முடித்துவிட்டீர்கள் என்றால் இன்னொரு வேலை மிச்சம். பிக்கெட்போஸ்ட்டில் குடிநீர் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். சூப்பீரியர் ஊர் அங்கிருந்து சுமார் 8 கி.மீ. கிழக்கே, நெடுஞ்சாலை வழி. பந்தயம் முடிந்ததால் இப்போது யார் காரிலும் ஏறலாம், ஆனால் கார் வந்து சேரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு லிட்டரை முன் கவட்டுப் பாட்டிலில் தொடாமல் வையுங்கள்.